ஒன்றாம் எண்ணில் நான் எழுதிய காரணம்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன்.

1. போன மே மாதம், வெயில் தாங்காமல், லோதி ரோட்டில் என் அலுவலகத்துக்குப் பின்தெருவில் இருக்கும் ஒரு சிறிய ஆர்ட் கேலரிக்குள் நுழைந்தேன்.
2. மறுநாளும் போனேன். பிறகு வேலைநாட்களில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அங்கேதான்.
3. அங்கே தரை துடைக்கும் செல்வி அக்கா தமிழ் பேசுகிறவர் என்று தெரிந்தது.
4. ஆகஸ்டில் எனக்குப் பிடித்த படத்துக்குக் கீழே சுவரில் ஈரம் தெரிந்தது. அதை முதலில் பார்த்தது செல்வி அக்கா.
5. அவர் கேட்டுக்கொண்டதால் நான் ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தேன்.
6. அந்த அறிக்கையை வைத்து அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

ஆறு வரிதான். என் வேலையில் இதற்கு மேல் எழுதினால் யாரும் படிப்பதில்லை. நீங்கள் ஊரில் உட்கார்ந்து படிப்பவர்கள், அல்லது என்னைப் போல எங்கோ வாடகை அறையில் உட்கார்ந்து படிப்பவர்கள். உங்களுக்கு நேரம் இருக்கும் என்று நம்பி மிச்சத்தையும் எழுதுகிறேன்.

டெல்லியில் எந்தக் கதவுக்குள் நுழைந்தாலும் முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். பெயர், எங்கிருந்து, யாரைப் பார்க்க, வந்த நேரம், போன நேரம். அடுக்குமாடிக் குடியிருப்பு, அலுவலகம், பல் டாக்டர் வீடு, எல்லா இடத்திலும். நோட்டுக்குப் பக்கத்தில் நூல் கட்டிய பேனா; அது எப்போதும் எழுதாது. கேலரிக்கு முதன்முதலாகப் போனபோது ‘எங்கிருந்து’ என்ற கட்டத்தில் திருநெல்வேலி என்று எழுதினேன். காவலாளி அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “கம்பெனி, மேடம், கம்பெனி” என்றார். ஊரை அடித்துவிட்டுக் கம்பெனி பெயரை எழுதினேன். அவர் விடவில்லை. “மதராஸா?” என்றார். இல்லை, அதற்கும் தெற்கே, ஓர் இரவு ரயில் தூரம் என்றேன். “அதேதான்” என்று சொல்லி, உள்ளே போகலாம் என்று கை காட்டினார். எட்டு மாதமாக இந்த நகரத்தில் எனக்கு நடந்துகொண்டிருந்தது இதுதான். நான் திருத்துவேன், அவர்கள் அதேதான் என்பார்கள்.

என் வேலையையும் சொல்லிவிட வேண்டும். கட்டி முடித்த கட்டடங்களில் குளிர்சாதன வசதியைச் சோதித்து, குறைகளைப் பட்டியல் எடுப்பது. ஸ்னாக் லிஸ்ட் என்போம். கையில் ஈரப்பதம் அளக்கும் கருவி, கழுத்தில் டார்ச், அட்டையில் செருகிய படிவம். மாடி மாடியாக நடந்து, எது சரியில்லை, எங்கே சரியில்லை, ஏன் சரியில்லாமல் இருக்கலாம் என்று எழுத வேண்டும். இதை நன்றாகச் செய்கிறேன் என்பதால்தான் என்னைச் சென்னைக் கிளையிலிருந்து இங்கே அனுப்பினார்கள். நாள் முழுக்கக் குறை பார்க்கிற கண், மயூர் விஹார் அறைக்குத் திரும்பிய பிறகும் ஓயாது. குளியலறை ஓட்டில் விரிசல், கதவுக் கீலில் துரு, கண்ணாடியில் என் முகம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனைக்குப் போவதை நிறுத்தினேன். அம்மாவின் போனைப் பாதி நாள் எடுப்பதில்லை. என்ன பிரச்சினை என்று யாராவது கேட்டிருந்தால் பட்டியலில் எழுத ஒன்றும் இருந்திருக்காது. அதுதான் பிரச்சினை.

கேலரிக்குள் முதல் நாள் நான் படம் எதையும் பார்க்கவில்லை. கூரையில் குளிர்காற்று வரும் வாய்களைத்தான் பார்த்தேன்; அவற்றில் இரண்டு கோணலாக இருந்தன. மூன்றாவது நாளோ நான்காவது நாளோதான் உள்ளறையின் வடக்குச் சுவரில் இருந்த படத்தின் முன்னால் நின்றேன். என் உயரத்துக்கு இருக்கும். ஒரு மொட்டை மாடி, ஐந்து கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், ஒரு கொடி, அதில் ஒரே ஒரு துண்டு. வானம் ஈர சிமென்ட் நிறத்தில். அவ்வளவுதான். என் அறை ஜன்னலைத் திறந்தால் தெரிவதும் அதேதான். ஜன்னலில் பார்க்கும்போது குழாய் இணைப்பு சரியில்லை என்று மட்டும் தோன்றும். இங்கே அதை வரைந்தவருக்கு ஐந்து தொட்டிகளில் ஒன்றின் மீது மட்டும் வெயில் விழுவது போதுமானதாக இருந்திருக்கிறது. இருபது நிமிடம் நின்றிருக்கிறேன். அந்த இருபது நிமிடத்தில் குறை என்று ஒன்றும் என் கண்ணில் படவில்லை. அலுவலகத்துக்குத் திரும்பும்போதுதான் அது உறைத்தது.

அன்றிலிருந்து தினம் போனேன். ஊரில் படம் வரைவது என்றால் எனக்கு இரண்டு வகைதான் தெரியும்: சண்டே ஸ்கூல் சுவரில் வசனத்துக்குப் பக்கத்தில் ஒட்டும் ஆட்டுக்குட்டி, கல்லூரியில் எஞ்சினியரிங் டிராயிங். எங்கள் ஊரில் இப்படி ஒரு இடம் இருந்து நான் போகாமல் விட்டேனா, இல்லவே இல்லையா என்றுகூடத் தெரியாது. கேட்க வேண்டும் என்று தோன்றியதில்லை. இங்கே, பாழாய்ப்போன வெயிலுக்கு ஒதுங்கியதில், படிவங்களின் பின்பக்கத்தில் பென்சிலால் நாளுக்கு ஒரு பொருளை வரைய ஆரம்பித்தேன். காவலாளியின் நாற்காலி. மூலையில் மறந்துபோன குடை. அம்மாவின் போனை எடுக்க ஆரம்பித்ததும் அந்த வாரங்களில்தான்.

அப்படி ஒருநாள் வாசலில் நின்று அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது. “தமிழா நீ? நான் பெங்காலின்னுல்ல நெனச்சேன்.” நீலச் சீருடையில், கையில் துடைப்புத் துணியோடு, நாற்பதை நெருங்கும் ஒரு பெண். செல்வி அக்கா.

“எந்த ஊரு?”

“திருநெல்வேலி.”

“அது மதுரப் பக்கமா?”

“தாண்டிப் போகணும்க்கா. நீங்க?”

“கள்ளக்குறிச்சின்னு சொல்லுவாங்க. நான் ரெண்டு தடவதான் போயிருக்கேன், ரெண்டு தடவையும் சாவுக்கு. நமக்கு ஊரு திர்லோக்புரிதான்.” மயூர் விஹாரில் இருக்கிறேன் என்றேன். “அப்ப உன் ஊட்டுக்குப் பின்னாடி ரோட்டத் தாண்டினா நாங்க.”

அவருடைய பெற்றோர் கட்டட வேலைக்கு வந்தவர்கள். அவர் இங்கேயே பிறந்தார். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. இந்தி கொஞ்சம் படிப்பார். ஒரு ஏஜென்சி மூலம் நான்கு வருடமாகக் கேலரியில் வேலை. அதற்கு முன்னால் வீட்டு வேலை. “வீடுன்னா பூரா நாளும் யாராச்சும் கத்திக்கினே இருப்பாங்க, சீக்கிரம், ஜல்தி ஜல்தின்னு. இங்க மத்தியானம் ரெண்டு மணி நேரம் ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. அதுக்கே கும்பிடு போடலாம்” என்பார். அந்தக் கேலரியில் எனக்குக் கிடைத்ததும் அதேதான் என்று அவரிடம் நான் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

படங்களுக்கெல்லாம் அவர் பெயர் வைத்திருந்தார். என் படம் ‘டங்கி’. டெல்லியில் தண்ணீர்த் தொட்டிக்கு அதுதான் பெயர். “இந்த நடு டங்கிக்கு மூடி இல்ல பாத்தியா? குரங்கு வந்து குளிச்சிட்டுப் போவும். வரைஞ்சவன் ஊட்ல தண்ணி குடிக்கக் கூடாது.” நான் சிரித்தேன். நாற்பது தடவை பார்த்திருந்தும் அந்த மூடியை நான் கவனித்திருக்கவில்லை. குறை பார்ப்பது என் பிழைப்பு, அவர் பார்த்துவிட்டார். ஒருநாள் அவருடைய சிவப்பு வாளியை வரைந்துகொண்டிருந்தேன். “போயும் போயும் பால்டிய வரையறியே, பக்கத்துல நான் நிக்கறது தெரியல?” என்றார். அடுத்த தடவை வரைகிறேன் என்றேன்.

தரை துடைப்பதை அங்கே போச்சா போடுவது என்பார்கள். செல்வி அக்கா போச்சா போடும் முறையை, சில நாள் அலுவலகம் போகும் வழியில், திறந்து கிடக்கும் கதவு வழியாக நான் பார்த்திருக்கிறேன். காலையில் கேலரி திறக்குமுன், நடுத்தரையை ஈரத் துணியால். சுவரிலிருந்து ஒரு முழம் வரை மண்டியிட்டு, நன்றாகப் பிழிந்த துணியால். வாளியை உள்ளறைக்குள் கொண்டுவரவே மாட்டார். வாசற்படிக்கு வெளியே வைப்பார். இதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. இது எனக்குத் தெரியும் என்பதைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டில் ஒரு மதியம் என்னைக் கையைப் பிடித்து டங்கியிடம் இழுத்துப்போனார். “சுவரு வேர்க்குது பாரு.” படத்தின் இடது மூலைக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு, சுண்ணாம்பு உப்பியிருந்தது. தொட்டால் ஜில்லென்றது. படத்தின் துணியும் அந்த மூலையில் லேசாக நெளிந்திருந்தது.

“காலைல வந்து பாத்தா காஞ்சு கெடக்கு. சாயங்காலம் போவும்போது தொட்டா ஈரம். போச்சா நான் காலைலதான் போடுறேன். இது உள்ளேருந்து வருது.”

“மேனேஜர்கிட்ட சொன்னீங்களா?”

“ரெண்டு தடவ சொல்லிட்டேன். ‘அச்சா, தேக்தே ஹை’ங்கறா. பாக்கறேன், பாக்கறேன்னு. நான் சொன்னா காதுல ஏறாது. நீ இஞ்சினியருதானே, எழுதிக் குடு. இங்கிலீஷ்ல எழுதிக் குடு. படம் கெட்டுப்போறதுக்குள்ள.”

மேனேஜர் என்னை விடக் கொஞ்சம் வயது கூடுதலான பெண். மரியாதையாகப் பேசுவார். என் கார்டைப் பார்த்ததும், “ஓ, உங்கள் துறைதானே! ப்ளீஸ், ரைட்டிங்கில் கொடுங்களேன்” என்றார். அலுவலகத்துக்குப் போய், எங்கள் படிவத்திலேயே நிரப்பி, புகைப்படத்தோடு அனுப்பினேன். சுத்தமான அறிக்கை. இடம், அளவு, சுவரின் ஈரப்பதம். கீழே, ‘சாத்தியமான காரணங்கள்’:

1. தரை துடைக்கும் தண்ணீர்.
2. சுவருக்குள் போகும் ஏ.சி. தண்ணீர்க் குழாயில் கசிவு.
3. மொட்டை மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்.

எங்கள் துறையில் காரணங்களை எழுதும் வரிசைக்கு ஒரு விதி இருக்கிறது. எது அதிக சாத்தியமோ அதை முதலில் எழுதுவதில்லை. எதைச் சோதிப்பது சுலபமோ அதை எழுதுவோம். தண்ணீர் விட்டுத் துடைப்பதை இரண்டு நாள் நிறுத்திப் பார்க்கச் சுவரை உடைக்க வேண்டாம். அது இல்லை என்று அடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். குழாயைப் பார்க்கச் சுவரைக் கொத்த வேண்டும், அதனால் இரண்டு. மாடியைப் பார்க்க ஆள் வர வேண்டும், அதனால் மூன்று. ஐந்து வருடமாக இப்படித்தான் எழுதுகிறேன். படிக்கிறவர்களும் எங்கள் துறைக்காரர்கள் என்பதால் யாருக்கும் விளக்க வேண்டியிருந்ததில்லை. இன்னொரு விதி: நாமே அளக்காத எதையும் எழுதக் கூடாது. நான் உள்ளே போனது மதியம் மட்டும். காலையில் காய்ந்திருந்தது, மாலையில் ஈரம் என்பது செல்வி அக்கா கைவைத்துப் பார்த்தது. அதை எழுதவில்லை. அளவு இல்லாத தகவல் என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு வரி எழுதியிருந்தால் முதல் காரணம் அங்கேயே செத்திருக்கும்.

பிறகு ஒரு வாரம் நொய்டாவில் ஒரு கட்டடத்தில் வேலை. திரும்பி வந்த அன்று கேலரியில் வேறு ஒரு பெண் துடைத்துக்கொண்டிருந்தாள். வாளி உள்ளறைக்குள், டங்கிக்கு நேர் கீழே இருந்தது.

மேனேஜர் முகம் மலர்ந்து எழுந்து வந்தார். “உங்கள் ரிப்போர்ட் எவ்வளவு தெளிவு! ஏஜென்சிக்கு அப்படியே ஃபார்வர்டு செய்தேன். உடனே ஆளை மாற்றிவிட்டார்கள்.”

“அவர் காரணம் என்று நான் எழுதவில்லையே.”

“நம்பர் ஒன் என்று நீங்கள்தானே போட்டீர்கள்?”

சோதிக்கும் வரிசை என்று விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டார். காலை ஈரமில்லை, மாலைதான் ஈரம், ஏ.சி. ஓடும் நேரத்தோடு அது பொருந்துகிறது, அந்த அம்மாதான் கவனித்துச் சொன்னார் என்றேன். “ஓ. ஆனால் அது ரிப்போர்ட்டில் இல்லையே” என்றார். கோபமோ கிண்டலோ இல்லை. அவர் சொன்னது சரி. ரிப்போர்ட்டில் இல்லை.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். அம்மா பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவர். சின்ன வயதில் ஷிப்ட் முடியும்வரை வார்டு பெஞ்சில் உட்கார்ந்து அவர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த ஷிப்டுக்கு ஒப்படைக்கும் நோட்டு அது. எந்தப் படுக்கைக்கு எது ஆபத்தோ அது முதல் வரியில் சிவப்பு மையில் இருக்கும். மலச்சிக்கலும் தலைவலியும் கடைசியில். பட்டியல் போடும் பழக்கம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது. வரிசையை மட்டும் வேறு இடத்தில் கற்றுக்கொண்டுவிட்டேன்.

“ஏட்டி, மொத வரியத் தாண்டி யாரு படிப்பா?” என்றார் அம்மா. “டாக்டரே படிக்க மாட்டாரு. நீ வளந்ததே அந்த நோட்டுக்குப் பக்கத்துலதானே?” பிறகு, “அவளுக்குப் புள்ளைங்க இருக்கா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் தினமும் பேசியிருக்கிறேன், கேட்டதில்லை.

இரண்டாவது அறிக்கை எழுதினேன். இந்த முறை மூன்று நாள், காலை மதியம் மாலை, நானே அளந்து. காரணம் ஒன்றே ஒன்று: குழாய். அக்டோபரில் சுவரைக் கொத்தினார்கள். இணைப்பில் கசிவு இருந்தது. ‘நோட்டட் வித் தேங்க்ஸ்’ என்று பதில் வந்தது. செல்வி அக்காவைத் திரும்ப எடுக்கலாமே என்று நேரில் கேட்டேன். “அவர் எங்கள் ஸ்டாஃப் இல்லையே. ஏஜென்சியின் முடிவு” என்றார் மேனேஜர். ஏஜென்சியில் கேட்டால், “கேலரி புகார் கொடுத்தது” என்றார்கள். புகாரின் நகல் இருக்கிறதாம். என் பெயரும் பதவியும் கீழே இருக்கிறதாம்.

அவரை மறுபடி பார்த்தது நவம்பரில், நான் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில். வீட்டு வேலைக்கு வருபவர்களுக்குத் தனி நோட்டு. அவர் குனிந்து அதில் பெருவிரல் வைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா.”

“அட, இஞ்சினியரம்மா. இந்த பில்டிங்குதானா நீ? நான் பி பிளாக்ல மூணு வீடு புடிச்சிருக்கேன்.”

“உங்க பேர நான் எழுதவே இல்லக்கா.”

“பேரு எதுக்கு? தண்ணின்னு எழுதுனியா இல்லியா? அங்க பால்டி தூக்குறது நான் ஒருத்திதானே.”

“அது மொதல்ல சோதிச்சுப் பாக்கறதுக்காக...”

“படிச்சவங்க மொதல்ல எழுதுனா அதான் பெருசுன்னு நெனப்பாங்க. படிக்காத எனக்கே தெரியுது. உனக்குத் தெரியாதா?” குரலை உயர்த்தவில்லை. விரலில் இருந்த மையைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். “சரி, அந்த டங்கிக்கு மூடி போட்டாங்களா?”

“படத்தை எடுத்துட்டாங்க. மூலையில கெட்டுப்போச்சு. கிடங்குல வச்சிருக்காங்க.”

“அச்சா” என்றார். “அதுக்குத்தானே சீக்கிரம் எழுதுன்னேன்.”

பி பிளாக் வரை கூடவே நடந்தேன். லிஃப்ட் வந்தது. வேலைக்கு வருபவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று எல்லா பிளாக்கிலும் உள்ளே இந்தியில் எழுதி ஒட்டியிருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேலாக அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எந்தக் குறைப்பட்டியலிலும் அதை எழுதியதில்லை. “வாங்கக்கா” என்றேன். “நீ போ. எனக்கு ஜல்தியா நாலாவது மாடிக்குப் போகணும், உங்கூட நின்னு பேச நேரமில்ல” என்று படி ஏறினார். பிள்ளைகள் இருக்கிறார்களா என்று அன்றும் கேட்கவில்லை.

கேலரிக்கு நான் இன்னும் போகிறேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. வடக்குச் சுவரில் புதிதாகப் பூசிய இடம் மற்றதை விட வெள்ளையாக இருக்கிறது. அதன் மேல் வேறு படம், குதிரைகள். அதன் முன்னால் நிற்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வரைகிறேன். இந்த ஊரில் என்னை ஒரு மனுஷியாக மறுபடி நிமிர்த்தியது அந்த அறை. அதே அறையில் வேறொருத்தியின் இடத்தை நான் எழுதியே அழித்திருக்கிறேன். டெல்லி தன் ஊர் என்று சொல்லிக்கொள்ள அவருக்குத்தான் உரிமை இருந்தது. பேனா என் கையில் இருந்தது.

டிசம்பரில் சென்னைக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம் வாங்கினேன். அதில் ‘காரணங்கள்’ என்று மூன்று கோடுகள், 1, 2, 3. அம்மாவின் உடல்நிலையை எழுதலாம். ஆனால் அம்மா நன்றாக இருக்கிறார். இங்கே இருக்க முடியவில்லை என்று எழுதலாம். மதியம் ஒரு மணிக்குக் கால் தானாகக் கேலரிப் பக்கம் திரும்புகிறதே. செல்வி அக்காவை வாசலில் பார்க்க முடியவில்லை என்று எழுதலாம். பார்க்காமல் போய்விட்டால் அதைவிட மோசம்.

இப்போதைய நிலை இது. குழாய் மாற்றியாகிவிட்டது. படம் கிடங்கில் இருக்கிறது. செல்வி அக்கா காலை எட்டு மணிக்கு என் ஜன்னலுக்கு எதிரே, பி பிளாக் நாலாவது மாடியில், போச்சா போடுகிறார். அந்த வீட்டில் யாரோ ஜல்தி ஜல்தி என்பது இங்கே வரை கேட்கிறது. அவரை ஒரு தடவை வரைந்தேன், முதுகுப்புறம், கொடுக்கவில்லை. விண்ணப்பம் மேசையில் இருக்கிறது. ஒன்றாம் எண்ணுக்கு நேரே எதுவும் எழுதவில்லை.